நான்கு தாள் சரியாக இருந்தது, வயோலா மட்டும் இல்லை: ஓர் இசை நூலகப் பட்டியலைத் திருத்திய அனுபவம்

நேற்று சாயங்காலம் தேடல் கட்டத்தில் "கண்காட்சி" என்று மட்டும் தட்டினேன். முசோர்க்ஸ்கியின் 'கண்காட்சியில் சித்திரங்கள்' ஒரே திரையில் வந்து நின்றது. மேலே படைப்பின் பெயர், அதன் கீழே 1874-இல் அவர் பியானோவுக்கு எழுதிய வடிவம், அடுத்து 1922-இல் ராவெல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றிய வடிவம், இரண்டுக்கும் கீழே எங்களிடம் உள்ள ஸ்கோர்கள் (இசைக் குறியீடு அச்சான புத்தகங்கள்), இசைத்தட்டுகள், சி.டி.கள், எந்த அலமாரி, எந்த அடுக்கு, இப்போது வெளியே போயிருக்கிறதா என்பது வரை. இந்த ஒரு திரைக்காக மூன்று முறை ஆரம்பத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். மூன்றாவது முயற்சி மட்டும் எட்டு மாத வார இறுதிகளை எடுத்துக்கொண்டது. எங்கே தவறினேன், எது கடைசியில் வேலை செய்தது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஓர் அலமாரியை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவருக்கு உதவும்.

கையில் இருந்தது 1,120 இசைத்தாள் தொகுப்புகள், 610 தட்டுகள் (எல்.பி.யும் சி.டி.யும் சேர்த்து). கருவிகள் அதிகமில்லை: ஒரு மடிக்கணினி, அதில் எஸ்கியூலைட் தரவுத்தளம், ஒரு பார்கோடு ஸ்கேனர், 30 செ.மீ. அளவுகோல், தட்டின் உள்வட்டத்தில் பொறித்த எண்ணைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடியும் சாய்வாக வெளிச்சம் விழும் மேசை விளக்கும், மென்மையான பென்சில், ஒரு நோட்டு. இவற்றில் அதிகம் உழைத்தது நோட்டுதான்.

முதல் முயற்சி ஓர் எக்செல் தாள். ஒரு பொருளுக்கு ஒரு வரி, 14 நெடுவரிசை: தலைப்பு, இசையமைப்பாளர், பதிப்பகம், ஆண்டு என்று போகும். புத்தகத்துக்கு இது போதும். இசைக்கு மூன்றே வாரத்தில் படுத்துவிட்டது. பீத்தோவனின் ஒரே சொனாட்டா எங்களிடம் ஏழு இடத்தில் இருந்தது, ஏழிலும் அட்டையில் வேறு வேறு பெயர். ஒன்றில் 'மூன்லைட்', ஒன்றில் 'பியானோ சொனாட்டா எண் 14', ஒன்றில் 'ஓபஸ் 27 எண் 2' (ஓபஸ் என்பது இசையமைப்பாளரின் படைப்புகளுக்கு இடும் வரிசை எண்), ஒன்றில் 'சொனாட்டா குவாசி உனா ஃபான்டாசியா', மற்றவை ஜெர்மனிலும் பிரெஞ்சிலும். 'மூன்லைட்' பீத்தோவன் வைத்த பெயரே இல்லை, அவர் இறந்த பிறகு வந்து ஒட்டிக்கொண்டது, ஆனால் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். அட்டையில் இருப்பதை அப்படியே பதிந்தால் ஏழும் ஒன்று சேராது, நானே ஒரு பெயரை எழுதினால் அட்டையில் என்ன இருந்தது என்பது தொலைந்துபோகும். சி.டி. இன்னும் மோசம். ஒரே தட்டில் மூன்று இசையமைப்பாளர்களின் நான்கு படைப்புகள் இருந்தால் 'இசையமைப்பாளர்' என்ற கட்டத்தில் யாரை எழுதுவது? முதல் பெயரை எழுதி மற்றதைக் குறிப்பில் தள்ளினேன். தள்ளியதெல்லாம் தேடலுக்குக் கிடைக்காமல் போயிற்று.

அங்கே நிறுத்திவிட்டு, நூலகத்துறையினர் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று படிக்க உட்கார்ந்தேன். பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பான இஃப்லா 1998-இல் வெளியிட்ட எஃப்.ஆர்.பி.ஆர். என்ற மாதிரி, பிறகு அதையும் அதன் இரண்டு துணை மாதிரிகளையும் ஒன்றாக்கி 2017-இல் வந்த எல்.ஆர்.எம். கோட்பாட்டை இங்கே விரிக்கப் போவதில்லை. எனக்குத் தேவைப்பட்டது நான்கு படிகள்: படைப்பு, வெளிப்பாடு, வெளியீடு, பிரதி.

பாகின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை வைத்துப் பார்த்தால் சுலபம். 1741-இல் அச்சேறிய அந்த இசை, எந்தத் தாளும் எந்தத் தட்டும் இல்லாமல் மனதில் நிற்கிறதே, அது படைப்பு. பியானோக் கலைஞர் க்ளென் கூல்ட் 1955-இல் வாசித்துப் பதிந்தது ஒரு வெளிப்பாடு, அவரே 1981-இல் மறுபடி பதிந்தது இன்னொன்று, ஸ்கோரில் அச்சாகியிருக்கும் குறியீடு மற்றொன்று. 1955 பதிவு எல்.பி.யாக வந்தது ஒரு வெளியீடு, பிற்பாடு சி.டி.யாக வந்தது வேறொரு வெளியீடு. எங்கள் அலமாரியில் ஓரம் மடங்கி இருக்கும் அந்த எல்.பி. ஒரு பிரதி.

'வெளிப்பாடு', 'வெளியீடு' இரண்டும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பதால் பதிவு செய்யும்போது இரண்டு முறை தவறான அட்டவணையில் எழுதிவிட்டேன். உதவிக்கு வந்தவரும் அதே தவறைச் செய்தார். அன்றிலிருந்து எங்கள் தரவுத்தளத்தில் வெளிப்பாட்டுக்கு 'வடிவம்' என்று பெயர். இந்தப் பதிவிலும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாவது முயற்சியில் நான்கு அட்டவணை போட்டு ஏணி மாதிரி அடுக்கினேன்: ஒரு படைப்புக்குப் பல வடிவம், ஒரு வடிவத்துக்குப் பல வெளியீடு, ஒரு வெளியீட்டுக்குப் பல பிரதி. ஸ்கோர்களை ஏற்றும்வரை அழகாகப் போயிற்று. முதல் சி.டி.யிலேயே உடைந்தது, ஏனென்றால் ஒரு சி.டி. என்பது ஒரே வெளியீட்டுக்குள் பல வடிவங்கள். இதைச் சமாளிக்க நான் செய்ததுதான் இந்த வேலையிலேயே பெரிய தவறு. ஒவ்வொரு சி.டி.க்கும் அதன் அட்டைப் பெயரில் ஒரு 'படைப்பு' உருவாக்கி, அதற்கு ஒரு வடிவம் உருவாக்கி, அதற்குக் கீழே சி.டி.யை மாட்டினேன். இப்படி 200-க்கும் மேற்பட்ட போலிப் படைப்புகள் சேர்ந்த பிறகு தேடிப் பார்த்தால், 'சிறந்த பியானோ இசை' என்ற படைப்பு வருகிறது, அதற்குள் ஷோப்பான் இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

எஃப்.ஆர்.பி.ஆர். அறிக்கையின் படத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். வடிவத்துக்கும் வெளியீட்டுக்கும் நடுவிலுள்ள கோட்டில் இரண்டு பக்கமும் இரட்டை அம்புக்குறி போட்டிருக்கிறது. ஒரு வடிவம் பல வெளியீடுகளில் வரலாம், ஒரு வெளியீட்டில் பல வடிவங்கள் இருக்கலாம். 1998-லேயே சொல்லியிருக்கிறார்கள், நான்தான் ஏணி என்று நினைத்துக்கொண்டு அந்த ஓர் அம்பைக் கவனிக்கவில்லை. எல்.ஆர்.எம். இதை இன்னும் தெளிவாக, பல வடிவங்களைத் தாங்கிய ஒரு வெளியீடுதான் தொகுப்பு என்று சொல்கிறது. தொகுத்தவரின் உழைப்பும் ஒரு படைப்புதான், ஆனால் உள்ளே இருக்கும் இசைப் படைப்புகளை அது விழுங்கிவிடாது. போலிப் படைப்புகளை அழித்துவிட்டு, நடுவில் ஓர் இணைப்பு அட்டவணை போட்டேன். அதில் ஐந்து நெடுவரிசை: வெளியீட்டு எண், வடிவ எண், தட்டு எண், தொடங்கும் டிராக், முடியும் டிராக். அழிப்பதற்கு ஒரு நிமிடம், திரும்ப ஏற்றுவதற்கு நான்கு வார இறுதி.

டிராக் விஷயத்தில் ஒரு முடிவு நல்லபடியாக அமைந்தது. கோல்ட்பர்க்கில் ஆரியா, 30 வேரியேஷன், மறுபடி ஆரியா என்று 32 துண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் படைப்பு, தனி வடிவம் போட ஆரம்பித்தால் எங்களிடம் உள்ள எல்லாப் பதிவுகளுக்கும் சேர்த்து நூற்றுக்கணக்கில் வரி வரும், அதைத் தேடி யாரும் வரப் போவதில்லை. அதனால் 'டிராக் 1 முதல் 32 வரை' என்று இணைப்பு அட்டவணையிலேயே முடித்துக்கொண்டேன். தனியாகப் பெயர் வைத்து ஜனங்கள் கேட்கிற பகுதிகளுக்கு மட்டும் தனிப் படைப்பு. விவால்டியின் 'நான்கு பருவங்கள்' அப்படித்தான்: 1725-இல் வந்த ஓபஸ் 8-இன் 12 கான்செர்டோக்களில் (தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிப்பவை) முதல் நான்கு அவை, நான்குக்கும் விவால்டி படைப்புகளின் பட்டியலில் ஆர்.வி. 269, 315, 293, 297 என்று தனி எண் உண்டு, தனித்தனியாகவும் வாசிக்கிறார்கள். படைப்புக்கும் படைப்புக்கும் நடுவில் முழுமை-பகுதி என்று ஓர் உறவு அட்டவணை போட்டேன். 'வசந்தம்' என்று தேடினால் தனித் தட்டும் வரும், 12-ம் உள்ள தொகுப்பும் வரும்.

அடுத்த மாட்டல், எந்த வாத்தியத்துக்கு என்ற விவரத்தை எங்கே வைப்பது என்பது. 1998 மாதிரியில் வாத்திய விவரமும் ஸ்கேலும் படைப்பின் பண்புகள். நானும் படைப்பு அட்டவணையில்தான் வைத்தேன். முசோர்க்ஸ்கி வந்தார், 'பியானோ' என்று எழுதினேன், ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோர் தேடினால் ராவெலுடையது வரவில்லை. 'பியானோ, ஆர்க்கெஸ்ட்ரா' என்று மாற்றினால் பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் கான்செர்டோ மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் ஷூபர்ட்டின் 'வின்டர்ரைஸ'. மியுல்லரின் 24 கவிதைகளுக்கு 1827-இல் இசையமைத்தது. உயர்ந்த குரலுக்கு ஒரு பதிப்பு, நடுக்குரலுக்கு ஒன்று, தாழ்குரலுக்கு ஒன்று என்று பாட்டுகளின் ஸ்கேலை இறக்கி அச்சிடுகிறார்கள். பாடுகிறவர் கேட்கிற முதல் கேள்வியே "என் குரலுக்கு இருக்கிறதா" என்பதுதான். படைப்பின் மட்டத்தில் ஒரே ஒரு ஸ்கேலை எழுதி வைத்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

எல்.ஆர்.எம். இந்த இரண்டையும் வடிவத்துக்கு இறக்கிவிட்டது. படைப்பின் மட்டத்தில், அந்தப் படைப்பை அடையாளம் காட்டுகிற வடிவத்தின் பண்புகளை மட்டும் எடுத்துக் காட்டலாம் என்கிறது. நான் அதை இப்படிச் செய்தேன்: படைப்பு அட்டவணையில் 'அடிப்படை வடிவம்' என்று ஒரு நெடுவரிசை, அதில் வடிவத்தின் எண் மட்டும். முசோர்க்ஸ்கிக்கு அது பியானோ வடிவத்தைச் சுட்டும், பட்டியலில் 'பியானோ படைப்பு' என்று காட்ட அந்தச் சுட்டல் போதும், ராவெல் வடிவமோ தன் ஆர்க்கெஸ்ட்ரா விவரத்தைத் தானே வைத்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இந்த முழு முயற்சியில் செலவிட்ட நேரத்துக்கு அதிகப் பலன் தந்த மாற்றம் இதுதான்.

அதே நாளில் இன்னொன்றும் சரி செய்தேன். வாத்தியத்தைக் கை போன போக்கில் எழுதி வைத்திருந்ததில் 'வயலின் 2' என்று 40 இடத்தில் இருந்தது. சில இடத்தில் இரண்டு வயலின், சில இடத்தில் இரண்டாம் வயலின். எது எது என்று பார்க்க ஒவ்வொரு தாளையும் திரும்ப எடுத்துப் பிரிக்க வேண்டியதாயிற்று. நூலகங்கள் கணினியில் பட்டியலிடப் பயன்படுத்தும் மார்க் பதிவின் 382-ஆவது புலத்தில் வாத்தியத்தின் பெயருக்கு ஓர் உட்புலம், எண்ணிக்கைக்கு ஓர் உட்புலம், மொத்தம் எத்தனை பேர் என்பதற்கு ஓர் உட்புலம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பெயருக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் கட்டுப்படுத்திய சொற்பட்டியலே வைத்திருக்கிறது. முதல் நாளே அதை எடுத்திருந்தால் அந்த 40 தாள்களையும் பிரித்திருக்க வேண்டாம்.

சரி, எது புதிய படைப்பு, எது பழைய படைப்பின் புதிய வடிவம்? நாள்கணக்கில் யோசித்தது இதற்குத்தான். ஆர்.டி.ஏ. என்ற நூலகப் பட்டியல் விதிகளை ஒட்டி நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு கோடு கிழித்துக்கொண்டேன். வேறு வாத்தியத்துக்கு மாற்றியமைத்தால் அதே படைப்பு, புது வடிவம். இன்னொருவரின் கருவை எடுத்துக்கொண்டு வேரியேஷன், பாராஃப்ரேஸ், தாராளமான மறு ஆக்கம் என்று போனால் புதுப் படைப்பு, மூலப் படைப்போடு ஓர் உறவு. பாகின் வயலின் ஷகோனை பிராம்ஸ் இடது கைக்கு மட்டுமான பியானோத் தாளாக மாற்றியது வடிவம். பகனினியின் கருவை வைத்து ராஹ்மானினாஃப் 1934-இல் எழுதிய ராப்சடி, ஓபஸ் 43, தனிப் படைப்பு. இந்த இரண்டும் சுலபம். நடுவில் கிடப்பவைதான் பாடு. அவற்றுக்காக உறவு அட்டவணையில் 'காரணம்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, ஏன் இப்படி முடிவெடுத்தேன் என்று ஒரு வரி எழுதுகிறேன். ஆறு மாதம் கழித்து அதே மாதிரி ஒன்று வரும்போது பழைய முடிவைப் பார்த்து அதே பக்கம் நிற்கலாம். முடிவு சரியா தவறா என்பதைவிட, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பது தேடுகிறவருக்கு முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புரூக்னர் ஒரு வார இறுதியை முழுதாக எடுத்துக்கொண்டார். எட்டாவது சிம்பொனியை 1887-இல் ஒரு தடவை முடித்தார், 1890-இல் திருத்தி எழுதினார். பிறகு ஹாஸ் என்ற பதிப்பாசிரியர் இரண்டையும் கலந்து ஒரு பதிப்பு கொண்டுவந்தார், நோவாக் இரண்டையும் தனித்தனியாகப் பதிப்பித்தார். ஒவ்வொன்றிலும் ஸ்வரங்களே வேறுபடுவதால் ஒவ்வொன்றும் ஒரு வடிவம். ஸ்கோர்களில் முன்னுரையைப் படித்தால் தெரிந்துவிடுகிறது. தட்டுகளில் சிலவற்றின் உறையில் பதிப்பின் பெயரே இல்லை. அங்கே நான் நேரத்தைக் கணக்கிட்டு ஊகிக்கப் பார்த்தேன், ஒரு பதிவு சில நிமிடம் நீளமாக இருந்தால் இது ஹாஸ் என்று. இரண்டு தட்டுகளுக்கு அப்படியே எழுதியும் விட்டேன். பிறகு கூல்டின் இரண்டு பதிவுகளைப் பதியும்போது உறைத்தது: 1955-இல் 38 நிமிடம் சொச்சம், 1981-இல் 51 நிமிடம். சில திரும்பல்களை இரண்டாம் முறை சேர்த்து வாசித்திருக்கிறார் என்றாலும், பெரிய வித்தியாசம் வேகத்தில். ஒரே மனிதர், ஒரே இசை, 13 நிமிட வேறுபாடு. நேரத்தை வைத்துப் பதிப்பைச் சொல்ல முடியாது. அந்த இரண்டு புரூக்னர் பதிவுகளையும் 'பதிப்பு குறிப்பிடப்படவில்லை' என்று மாற்றினேன். தெரியாததைத் தெரியாது என்று எழுத ஓர் இடம் தரவுத்தளத்தில் முதலிலேயே இருந்திருக்க வேண்டும்.

பெயர்களுக்கு வருகிறேன். எல்.ஆர்.எம்.மில் நோமென் என்று ஓர் உருப்படி உண்டு, அதாவது பெயரே ஒரு தனிப் பொருள், அது எதைச் சுட்டுகிறது என்பது தனி உறவு. முதலில் படித்தபோது இவ்வளவு தேவையா என்று தோன்றியது. துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனியைப் பழைய ஸ்கோர் ஒன்று ஐந்தாவது என்றது. மொஸார்ட்டின் ஒரே படைப்புக்கு கோஹெல் பட்டியலில் 364 என்றும், அதே பட்டியலின் பிந்தைய பதிப்பில் 320டி என்றும் இரண்டு எண். ஷூபர்ட்டின் முடிவுறாத சிம்பொனி ஒரு பட்டியலில் எட்டு, இன்னொன்றில் ஏழு. இதோடு நம் எழுத்தின் சங்கதி வேறு. பாக், பாஹ், பாக்ஹ் மூன்றும் எங்கள் பழைய தாளில் இருந்தன. துவோர்ஷாக்கை டிவோராக் என்றும் த்வோரக் என்றும் எழுதியிருந்தோம். ஒலிப்பை நம் எழுத்தில் எப்படித்தான் எழுதினாலும் ஒருவர் வேறு மாதிரி எழுதித் தேடுவார். எனவே பெயருக்கென்றே ஓர் அட்டவணை: பெயர், மொழி, எங்கிருந்து எடுத்தது, எதைச் சுட்டுகிறது, முன்னிறுத்தும் பெயரா இல்லையா. பீத்தோவன் சொனாட்டாவின் ஏழு பெயரும் இப்போது அங்கே ஏழு வரி, ஏழும் ஒரே படைப்பைக் காட்டுகின்றன. எந்தப் பெயரில் தட்டினாலும் ஒரே இடத்துக்குப் போகிறது.

இதனால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. பியானோ கற்கிற குழந்தைகள் எல்லாரும் வாசிக்கும் அந்த ஜி மேஜர் மினுவெட், பாகின் மனைவி அன்னா மக்தலேனாவின் நோட்டில் இருப்பது, பாக் எழுதியதல்ல, கிறிஸ்டியான் பெட்சோல்ட் எழுதியது. ஆனால் எங்களிடம் உள்ள மூன்று புத்தகத்தின் அட்டையிலும் பாக். அல்பினோனியின் அடாஜியோ என்று விற்கப்படுவது ஜியாஸோட்டோ 1958-இல் வெளியிட்டது. அட்டை என்ன சொல்கிறதோ அது வெளியீட்டு அட்டவணையில் எழுத்து மாறாமல் இருக்கட்டும். யார் எழுதியது என்ற உறவு படைப்பின் மட்டத்தில் ஒரே ஒரு வரி, அங்கே பெட்சோல்ட். பாக் என்று நம்பித் தேடுகிறவருக்கும் கிடைக்கிறது, கிடைத்த இடத்தில் உண்மையும் தெரிகிறது.

வெளியீடுகளை அடையாளம் காண்பதில் கைவேலை நிறைய. பழைய ஸ்கோர்களில் ஆண்டு இருக்காது, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்னதாகத் தகட்டு எண் (அச்சுத் தகட்டுக்குப் பதிப்பகம் இட்ட எண்) இருக்கும். பதிப்பகமும் தகட்டு எண்ணும் ஒன்றாக இருந்தால், அட்டையின் நிறம் மாறியிருந்தாலும் பெரும்பாலும் அதே தகட்டிலிருந்து மறு அச்சு என்று எடுத்துக்கொண்டேன். உயரத்தை அளந்து எழுதுவது அலங்காரமல்ல, அதே இசையின் கைக்கடக்கமான படிப்பு ஸ்கோரையும் நடத்துநர் மேடையில் விரிக்கும் பெரிய ஸ்கோரையும் அலமாரிக்குப் போகாமலே பிரித்துச் சொல்ல அந்த ஒரு எண் போதும். தட்டுகளில் உறையின் முதுகிலுள்ள எண்ணும் தட்டின் மீதுள்ள எண்ணும் ஒத்துப்போகாத சந்தர்ப்பங்களில் இரண்டையும் பதிந்தேன்.

புதிய இசைத்தாள்களில் ஐ.எஸ்.எம்.என். என்ற பன்னாட்டு அடையாள எண் உண்டு. 2008-க்கு முன் அது 'எம்' என்ற எழுத்தோடு தொடங்கும், அதன் பிறகு 979-0 என்று 13 இலக்கம். ஸ்கேனர் புதியதைப் படித்துவிடும். பழையதில் 'எம்'மை எடுத்துவிட்டு 979-0 போட்டால் போதும், கடைசிச் சரிபார்ப்பு இலக்கம் மாறாதபடியே அதை அமைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் சரிபார்ப்பு இலக்கத்தைத் திரும்பக் கணக்கிட 20 வரி நிரல் எழுதி, அது ஒவ்வொரு முறையும் பழைய இலக்கத்தையே தருவதைப் பார்த்து நிரலில்தான் பிழை என்று ஒரு மணி நேரம் தேடினேன்.

இனி பிரதி. இதை நான் கடைசியில் வைத்தேன், முதலில் வைத்திருக்க வேண்டும். பீத்தோவனின் ஓபஸ் 18 நால்வர் இசைத் தொகுதியிலிருந்து ஒரு குவார்டெட்டின் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ) பகுதித் தாள்கள், கட்டை நூலால் கட்டிய பழுப்பு உறையில் இருந்தன. பழைய எக்செல் தாளில் '4 பகுதிகள்' என்று இருந்தது. உறையைப் பிரித்து எண்ணினேன், நான்கு. சரி என்று குறியிட்டு மூடப் போகும்போது, இரண்டு தாளின் முதல் பக்கத்தில் ஒரே மாதிரி பேஸ் கிளெஃப் (நால்வரில் செல்லோ தாளின் தொடக்கத்தில் வரும் குறி) கண்ணில் பட்டது. விரித்து வைத்தேன்: முதல் வயலின், இரண்டாம் வயலின், செல்லோ, செல்லோ. ஒரு செல்லோ தாளில் வில் வீச்சுக் குறிகள் பென்சிலில் நிறைந்திருந்தன, பக்கம் திருப்பும் மூலை தேய்ந்து மென்மையாகியிருந்தது. மற்றது ஒருமுறைகூடத் திறக்காத புதுசு, மடிப்புக்கூட விழவில்லை. யாரோ எப்போதோ இன்னொரு உறையிலிருந்து எடுத்து இதில் வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். வயோலா இல்லை. நான்கு என்ற எண் இத்தனை வருஷமும் சரியாகவே இருந்திருக்கிறது, ஆனால் அந்தக் கட்டை எடுத்துப் போன எந்தக் குழுவும் வாசித்திருக்க முடியாது.

அன்றைக்கே பிரதிக்குக் கீழே 'உறுப்புத் தாள்' என்று இன்னோர் அட்டவணை சேர்த்தேன். அந்தக் கட்டில் இருக்க வேண்டிய பகுதிகள் வடிவத்தின் வாத்திய விவரத்திலிருந்து தானாக வரும், நான் ஒவ்வொன்றுக்கும் உண்டு, இல்லை, சேதம், பென்சில் குறி இருக்கிறது என்று மட்டும் நிரப்புவேன். இது மாதிரியின் எந்தப் பக்கத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை, நானாகச் செய்தது. இப்படிப் பார்த்ததில் மேலும் 23 கட்டுகளில் ஏதோ ஒரு தாள் குறைவு. அவற்றில் ஒன்பது, பக்கத்து உறைகளில் மாறிக் கிடந்தன.

செலவுக் கணக்கு நேரத்தில்தான். ஒரு இசைத்தாள் தொகுப்புக்குச் சராசரி 9 நிமிடம், ஒரு தட்டுக்கு 22 நிமிடம், எல்லாம் முடியும்போது மொத்தம் சுமார் 390 மணி நேரம். தட்டுக்கு அதிகம் பிடித்ததற்குக் காரணம் டிராக்குகளைப் படைப்புகளோடு இணைப்பது. வாசித்தவர், நடத்தியவர், பதிந்த ஆண்டு எல்லாம் வடிவத்துக்குப் போக வேண்டும், உறையில் பதிப்பித்த ஆண்டுதான் பெரிய எழுத்தில் இருக்கும், பதிந்த ஆண்டு உள்ளே சிறு புத்தகத்தில் பொடி எழுத்தில்.

வேலை சரியாகிறதா என்று பார்க்க, வாசிக்கிறவர்கள் உண்மையில் கேட்ட 12 கேள்விகளை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். "தாழ்குரலுக்கு வின்டர்ரைஸ இருக்கிறதா", "இந்த ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே கேட்க அதே பதிப்பின் பதிவு ஏதும் உண்டா", "நால்வர் வாசிக்க முழுக்கட்டாக என்ன இருக்கிறது" என்பது மாதிரி. எக்செல் தாள் மூன்றுக்குப் பதில் சொன்னது, ஏணி ஏழுக்கு, இப்போதைய அமைப்பு பதினொன்றுக்கு. பன்னிரண்டாவது, மெட்டை முணுமுணுத்து "இது எது" என்று கேட்பது. அதற்கு ஆரம்ப ஸ்வரங்களைப் பதிய வேண்டும். 1952 முதல் இசைச் சுவடிகளைப் பட்டியலிட்டு வரும் ரிஸ்ம் அமைப்பு இதற்கு பிளெய்ன் அண்ட் ஈஸி என்ற குறியீட்டைப் பயன்படுத்துகிறது, சாதாரண விசைப்பலகையிலேயே தட்டிவிடலாம். 40 படைப்புகளுக்குத் தட்டிப் பார்த்தேன், ஒன்றுக்கு நான்கு நிமிடம் ஆகிறது. பெயரில்லாமல் கிடக்கும் தனித் தாள்கள் இரண்டை இதை வைத்தே அடையாளம் கண்டேன், அதனால் தொடரப் போகிறேன்.

மறுபடி செய்தால் என்ன மாற்றுவேன்? அலமாரியிலிருந்து தொடங்குவேன்: முதலில் பிரதி, கையில் பிடித்து எண்ணி, பிரித்துப் பார்த்து. அதிலிருந்து வெளியீடு, அப்புறம் மேலே. மேலிருந்து கீழே வந்ததால்தான் இல்லாத வடிவங்களை எல்லாம் உருவாக்கி அழித்தேன். பெயர் அட்டவணையை முதல் வாரமே போடுவேன். ஒரு படைப்புக்கு ஒரே ஒரு ஸ்கோர் மட்டும் இருந்தால் வடிவத்தின் விவரங்களை மெனக்கெட்டு நிரப்ப மாட்டேன், ஒரு வெற்று வடிவத்தைத் தானாக உருவாக்கிவிட்டு, இரண்டாவது வரும்போது பிரிப்பேன். எங்கள் படைப்புகளில் பாதிக்கு மேல் அந்த வகைதான், அங்கே மட்டும் 60 மணி நேரம் மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

எல்.பி.களில் இன்னும் 70 பாக்கி. ஓபஸ் 18-இன் அந்த வயோலா தாள் எந்த உறையிலும் அகப்படவில்லை. உறுப்புத் தாள் அட்டவணையில் அதன் வரியில் 'இல்லை' என்று இருக்கிறது. உபரி செல்லோ எந்தக் கட்டிலிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது, தகட்டு எண் காட்டிக் கொடுத்தது. அந்தக் கட்டு இப்போது நான்கு பேர் உட்கார்ந்து வாசிக்கக்கூடிய கட்டு.